அவன் நடக்கவே இல்லை, சண்முகம்

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள சண்முகம்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் அம்மாவின் காரியத்துக்கு வந்தபோதும் உன் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டு, எதுவும் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கொல்கத்தாவில் வேலை உறுதியாகிவிட்டது. முத்தையா அண்ணாச்சி கண் அறுவை சிகிச்சை முடிந்த மறுவாரமே கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். நீ போன் செய்து இரண்டு அதட்டு அதட்டு. உன் பேச்சுக்குத்தான் அடங்குவார்.

ஒன்பது இலை காபி குடித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கடிதம் நீளும்.

மம்மி துணிச்சுற்றோடு நடக்கிறதா இல்லையா என்ற நம் பந்தயம் முடிந்துவிட்டது. 1932ஆம் ஆண்டு ‘தி மம்மி’ படத்தின் குறுந்தகட்டைச் சின்னவள் வாங்கித் தந்தாள். மூன்று இரவு, மூன்று முறை பார்த்தேன். நீ தோற்றுவிட்டாய். மம்மியாக நடித்த போரிஸ் கார்லாஃப் துணிச்சுற்றோடு நடப்பதாக ஒரு காட்சிகூட அதில் கிடையாது. விடுதி மொட்டைமாடியில் வேட்டியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்து பாலுவின் கழுத்தைப் பிடித்தாயே, அந்த நடை இந்தப் படத்துக்கு உரியதே அல்ல.

என்னதான் நடக்கிறது தெரியுமா? 1921இல் எகிப்தில் ஓர் அகழாய்வு முகாம். நார்ட்டன் என்ற இளைஞன், இறந்தவரை எழுப்பும் தோத் கடவுளின் ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி எழுத்துகளைப் பெயர்த்து எழுதுகிறான். அவனுக்குப் பின்னால் பெட்டிக்குள் மம்மியாக இம்ஹோடெப் நிற்கிறான். பின்னணி இசை இல்லை. பேனாவின் ஓசையும் முணுமுணுப்பும்தான். இமை கீற்றுப்போலத் திறக்கிறது. உள்ளே ஈரமாக ஏதோ மின்னுகிறது. மார்பின் குறுக்கே கட்டியிருந்த கை மெல்ல மெல்லச் சரிகிறது. அதன்பின் கேமரா அவனை முழுதாகக் காட்டவில்லை. மேசைமேல் ஒரு கை வந்து ஏட்டைத் தொடுகிறது. நார்ட்டன் அலறுகிறான், பிறகு சிரிக்கத் தொடங்குகிறான். வாசற்படியில் இரண்டு துணிநாடாக்கள் இழுபட்டு மறைகின்றன. அவ்வளவுதான். என்ன ஆயிற்று என்று ஓடி வருகிறவர்களிடம் அவன் சிரிப்பை அடக்க முடியாமல் சொல்வதைத்தான் நாம் நான்கு ஆண்டுகள் விடுதியில் சொல்லிக்கொண்டு திரிந்தோம்: “கொஞ்சம் நடந்துவிட்டு வரப் போயிருக்கிறார்!”

அந்தச் சில நிமிடங்களுக்காக ஜாக் பியர்ஸ் கார்லாஃபுக்கு எட்டு மணி நேரம் ஒப்பனை செய்திருக்கிறார். முகத்தில் பஞ்சும் பசையும் அடுக்கடுக்காக, தலைமுடியில் களிமண், அதற்குமேல் பொசுக்கிப் பழமையாக்கிய துணி. காலையில் உட்கார்ந்த மனிதர் இரவில்தான் கேமராவுக்கு முன்னால் நின்றார். அத்தனை பாட்டையும் பட்டுவிட்டு, எழுந்து நடப்பதைக் காட்டாமல் விட்டார்களே, அந்தத் துணிச்சலை நினைத்து நினைத்து வியக்கிறேன். இயக்குநர் கார்ல் ஃபிராய்ண்ட் அதுவரை ஒளிப்பதிவாளர். ‘மெட்ரோபோலிஸ்’, ‘டிராகுலா’ இரண்டிலும் கேமரா அவருடையது. எதைக் காட்டாவிட்டால் நாமே அதைப் பார்த்துக்கொள்வோம் என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நீயே சாட்சி! இல்லாத நடையை இத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

உன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அன்று கல்லூரித் திரைப்படக் கழகத்தில் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் போட்டார்கள். இரண்டாவது 1940இல் வந்த ‘தி மம்மிஸ் ஹேண்ட்’. அதில் வருகிறவன் இம்ஹோடெப் அல்ல, காரிஸ். நடித்தவர் டாம் டைலர். தானா இலைகள் அந்தப் படத்தோடுதான் வந்தன: மூன்று இலைச் சாறு கொடுத்தால் உயிர் தங்கும், ஒன்பது கொடுத்தால் எழுந்து நடப்பான். இழுத்து நடப்பதும் கழுத்தை நெரிப்பதும் காரிஸின் வேலை. செலவை மிச்சப்படுத்தப் படநிறுவனமான யுனிவர்சல் ஒரு காரியம் செய்தது. இம்ஹோடெப்பை உயிரோடு புதைக்கும் பழங்கதைப் பகுதியை 1932 படத்திலிருந்து வெட்டி எடுத்து, டைலரின் முகத்தை மட்டும் இடையிடையே புதிதாக எடுத்துச் சேர்த்துக் காரிஸின் கதையாக்கிவிட்டார்கள். படம் எடுத்தவர்களே இருவரையும் ஒருவராக்கிய பிறகு, பத்தொன்பது வயதில் நீ குழம்பியதில் தவறில்லை.

பின்னால் வந்த மூன்றையும் லான் சேனி ஜூனியர் நடித்தார். அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன். மாசசூசெட்ஸில் சேற்றுக்குள் மூழ்கியவன் அடுத்த படத்தில் லூசியானாவில் எழுகிறான், அதற்கு ஒரு விளக்கமும் கிடையாது. ஆனால் 1944இன் கடைசிப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது, அதற்காகவே அதைத் தேடிப் பார். காய்ந்த சேற்றைப் பிளந்துகொண்டு ஒரு கை வருகிறது. பிறகு காரிஸ் காதலித்த இளவரசி அனன்கா, முகமெல்லாம் மண்ணாக, கண் கூசக் கூச வெயிலை நோக்கி விறைத்து நடந்து போய்க் குளத்தில் இறங்குகிறாள். நடித்தவர் விர்ஜினியா கிறிஸ்டீன். உயிர் திரும்புவது எத்தனை வலியான காரியம் என்று அந்த ஒரு காட்சியில் தெரிந்துகொண்டேன்.

சரி, இம்ஹோடெப்புக்குத் திரும்புகிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஓர் இடம். பத்தாண்டு கழித்து அவன் ஆர்தத் பே என்ற பெயரில் வருகிறான். நீண்ட அங்கி, தொப்பி, காய்ந்த இலைபோல நுண்சுருக்கம் விழுந்த முகம். யாரையும் தன்னைத் தொட விடுவதில்லை. தன் இளவரசியின் கல்லறை இருக்கும் இடத்தை ஆங்கிலேயருக்குத் தானே காட்டிக் கொடுக்கிறான். ஏன் நீயே தோண்டவில்லை என்ற கேள்விக்கு அமைதியாகச் சொல்கிறான்: எங்கள் பழைய பிணங்களைத் தோண்ட எகிப்தியரான எங்களுக்கு அனுமதி இல்லை, வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குத்தான் உண்டு. கல்லூரி நாளில் இந்த வரியை நாம் எப்படித் தவறவிட்டோம்? திரைக்கதை எழுதிய ஜான் பால்டர்ஸ்டன் பத்திரிகையாளராக எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறைச் செய்திகளை எழுதியவர். 1922இல் அகழாய்வாளர் கார்ட்டர் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்ததும், அதற்குப் பணம் தந்த கார்னர்வான் மறு ஆண்டு இறந்ததும், சாபம் சாபம் என்று உலகம் பேசியதும் அவருக்குத் தெரிந்த சங்கதிகள். அந்த வரி சும்மா விழுந்ததாக நான் நினைக்கவில்லை.

படிக்கும்போது உனக்கு ஆதிச்சநல்லூர் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்தவை நம் தாமிரபரணிக் கரையிலிருந்து பெர்லினுக்குப் போயின. நம் தாத்தாக்கள் அந்தப் பரம்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இதையெல்லாம் ஏன் இத்தனை வேகமாக எழுதுகிறேன் என்றால், போன மாதம் சின்னவளோடு கொல்கத்தாவில் இந்தியன் மியூசியத்துக்குப் போனேன். அங்கே ஒரு மம்மி இருக்கிறது. நான்காயிரம் ஆண்டுப் பழமை என்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் படங்களில் பார்த்தவனை நேரில் பார்க்கப் போகிற பரபரப்பில் நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மிகச் சிறிதாக இருந்தது, சண்முகம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பையன்கள் கூட்டம். ஒருவன் கையை நீட்டிக் காலை இழுத்து நடந்து காட்டினான், அச்சு அசல் நீ. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வாய்வரை வந்தது. அப்போது உன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

படம் பார்த்த அன்று நள்ளிரவில் உன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினோமே. அம்மா தோசை வார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, “பாவம், படுத்தவனை ஏன் எழுப்பினார்கள்?” என்றார். நாம் அதற்கும் சிரித்தோம். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது, உன் வீட்டுக் கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்ததும், வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்ததும் கண்ணுக்குள் வந்து நின்றன. வாய்ப் பேச்சு வராமல் நான் பஸ் ஏறியது அதனால்தான். அன்று உன்னிடம் சொல்லத் தெரியவில்லை, இன்று எழுதுகிறேன்.

எகிப்தியர் எழுபது நாள் பாடுபட்டு, நேட்ரான் உப்பில் உலர்த்தி, இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுத் துணி சுற்றினார்கள். யாரோ ஒரு மகன் பக்கத்தில் நின்றிருப்பான். இம்ஹோடெப்புக்கு அதுவும் நடக்கவில்லை. உறுப்புகளை எடுக்காமலேயே உயிரோடு சுற்றிப் புதைத்தார்கள்; படத்தில் பெட்டியைத் திறந்தவுடன் அகழாய்வு முகாமில் இருக்கும் டாக்டர் முல்லர் அதைத்தான் சொல்கிறார். துணி வாயை மூடும்போது கார்லாஃபின் கண்களைப் பார். அதைப் பார்த்த பிறகு அவனை அரக்கன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிந்தாக வேண்டும்.

கார்த்திகைக்கு வா. குறுந்தகட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆதிச்சநல்லூரில் இப்போது தாழிகளை அவை இருந்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். காலையில் அங்கே போவோம், இரவில் படம். பாலுவையும் கூப்பிட்டிருக்கிறேன். கழுத்துக்கு உத்தரவாதம் கேட்கிறான்.

பந்தயப்படி இரண்டு கிலோ அல்வா நீ வாங்க வேண்டும். அண்ணாச்சி கடைக்கு எதிர்க் கடையில் வேண்டாம், மாலை ஆறு மணிக்குமேல் சூடாகப் போடும் இடம் உனக்குத் தெரியும்.

உன்
சுந்தரம்