ரஷ்யாவுக்கு இந்த முறை மூன்றாம் இவான் வரட்டும்

சிவிலைசேஷன் கணினி விளையாட்டை உருவாக்கி, அதில் எந்த நாட்டுக்கு எந்தத் தலைவர் என்று முடிவு செய்யும் ஃபிராக்ஸிஸ் நிறுவனக் குழுவினருக்கு,

வணக்கம்.

ரஷ்யாவுக்கு இந்த விளையாட்டில் இதுவரை உட்காரவைத்த தலைவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். 1991-இல் வந்த முதல் பதிப்பில் ஸ்டாலின். இரண்டாவதில் லெனினும் கேத்தரினும். மூன்றாவதில் கேத்தரின். நான்காவதில் கேத்தரினும் பீட்டரும். அதன் விரிவாக்கத்தில் ஸ்டாலின் மறுபடியும் தலைகாட்டினார். ஐந்தாவதில் கேத்தரின், ஆறாவதில் பீட்டர், 2025-இல் வந்த ஏழாவதில் திரும்பவும் கேத்தரின்.

கேத்தரின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஸ்டெட்டினில் பிறந்த ஜெர்மானிய இளவரசி, 1762-இல் கட்டிய கணவனையே அரியணையிலிருந்து இறக்கிவிட்டு 34 ஆண்டுகள் ஆண்டிருக்கிறார். அப்படிப்பட்டவரை யார்தான் விடுவார்கள்? ஆனால் அவரை வைத்தாலும் பீட்டரை வைத்தாலும் நீங்கள் சொல்வது ஒரே கதை: மேற்கைப் பார்த்து வளர்ந்த ரஷ்யா. ஆறாம் பதிப்பில் பீட்டரின் திறமையே, தன்னைவிட முன்னேறிய நாடுகளோடு வணிகம் செய்து அறிவியலையும் பண்பாட்டையும் கறப்பதுதான். 1697-இல் ஹாலந்துக்குப் போய்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மனிதருக்கு அது பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் பீட்டர் பிறந்தது 1672-இல். அதற்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே மாஸ்கோ ஒரு பெரிய அரசாகத் திரண்டுவிட்டது. அப்படித் திரட்டிய ஆளைத்தான் உங்கள் பட்டியலில் காணோம்.

1462 முதல் 1505 வரை ஆண்ட மூன்றாம் இவானைச் சொல்கிறேன். மாஸ்கோவின் நிலம் அவர் காலத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. சரி, நிலம் பிடித்தவர்கள் உங்களிடம் ஏராளம். நான் அவரைக் கேட்பது 1480-க்காக.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில், மாஸ்கோ கட்டிவந்த கப்பம் நின்றுபோன கோபத்தில், மங்கோலியப் பேரரசின் வழிவந்த 'பெரிய ஹோர்டு' அரசின் கான் அக்மத் உக்ரா ஆற்றங்கரைக்குப் படையோடு வந்தார். ஆற்றுத் துறைகளில் சில நாள் அம்பும் துப்பாக்கியும் பறந்தன. அப்புறம் இரண்டு படைகளும் எதிரெதிர்க் கரையில் சும்மா நின்றன. அக்மத் நம்பியிருந்த கூட்டாளி, போலந்து-லித்துவேனியாவின் மன்னர் காசிமிர், வரவே இல்லை; காரணம், இவானின் நண்பரான கிரிமியக் கான் மெங்லி கிராய் காசிமிரின் நிலத்தில் புகுந்து சூறையாடிக்கொண்டிருந்தார். இவான் பயந்துவிட்டார் என்று மாஸ்கோவில் முணுமுணுப்பு. ரஸ்தோவ் பேராயர் வாசியன், போரிடச் சொல்லி அவருக்குக் காரமாக ஒரு மடலே எழுதினார். ஆறு உறைந்து, இனி யாரும் நடந்தே கடக்கலாம் என்றானபோது, இவான் முன்னேறவில்லை. படையைப் பின்னுக்கு இழுத்தார். நவம்பரில் அக்மத் திரும்பிப் போனார், அடுத்த ஜனவரியில் கொல்லப்பட்டார். ரஷ்ய வரலாற்றில் ஹோர்டின் மேலாதிக்கம் முடிந்த நிகழ்வாகச் சொல்லப்படுவது, பெரும்போரே நடக்காத இந்த நிகழ்வுதான்.

இதை விளையாட்டில் நினைத்துப் பாருங்கள். எல்லையில் நிற்கும் எதிரிப்படை போரிடாமல் கழிக்கும் ஒவ்வொரு டர்னிலும், அதாவது ஆட்டச் சுற்றிலும், அவன் கஜானா கரையவேண்டும், அவன் கூட்டணி தளரவேண்டும். உங்கள் விளையாட்டில் காத்திருப்பது இன்றைக்கு வெறும் நேரவிரயம். இவான் கையில் அது ஆயுதமாகும்.

அவரைப் புனிதராக்கச் சொல்லவில்லை. நோவ்கொரோட், மக்கள் கூடி முடிவெடுக்கும் மன்றத்தோடு வாழ்ந்த வணிகக் குடியரசு. 1478-இல் அதை விழுங்கி, மன்றத்தைக் கூட்ட அடிக்கும் மணியையும் கழற்றி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனவர் இவர்தான். அதையும் திறமையாகவே வையுங்கள்: நகர அரசுகளைப் படை இல்லாமல் இணைத்துக்கொள்ளலாம், ஆனால் அவை தந்துவந்த சிறப்புப் பலன் அன்றோடு போய்விடும். ஆட்டக்காரருக்குக் கொஞ்சம் கை நடுங்கட்டும்.

கிரெம்லினில் விண்ணேற்புப் பேராலயத்தைக் கட்ட இத்தாலியிலிருந்து ஃபியோரவந்தியை வரவழைத்தவரும் இவரே. 1472-இல் அவர் மணந்த சோஃபியா, கடைசி பைசாந்தியப் பேரரசரின் தம்பி மகள். ஆக, மேற்கோடு தொடர்பும் இருக்கிறது, பீட்டர் இல்லாமலே. இன்னொன்று, இது என் சொந்த ஆசை: த்வேர் வணிகர் அஃபனாசி நிகிதின் பாரசீகம் வழியாக பாமினி சுல்தானகத்தின் பீதருக்கு வந்து போனது இதே காலத்தில்தான். ஒரு தூர வணிகப் பாதைக்கு அவர் பெயரை வைத்தால் இந்தியாவில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் நிச்சயம் சிரிப்போம்.

வேறு பெயர்களும் உங்களுக்கு வந்து குவியும் என்று தெரியும். நான்காம் இவானைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அவருடைய பயங்கரத்தைத்தான் கேட்கிறார்கள். தாத்தா இருக்கப் பேரன் எதற்கு? கீவ் நகரை ஆண்ட பத்தாம் நூற்றாண்டு அரசி ஓல்காவை ரஷ்யாவின் கீழ் வைக்காதீர்கள். கீவைத் தலைநகராகக் கொண்ட அந்தப் பழைய அரசு, கீவ ரஸ், ரஷ்யா, உக்ரைன் இரண்டில் யாருடைய வரலாறு என்பது இன்று போர்க்களம்வரை போயிருக்கும் வழக்கு. அதற்குத் தனி நாடு கொடுங்கள். ஸ்டாலின் வேண்டவே வேண்டாம். மகனைச் சித்திரவதைக்கு உள்ளாக்கிய பீட்டர் இருக்கும்போது அவர் மட்டும் ஏன் கூடாது என்று கேட்பார்கள். 1937-38-இல் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் பேரைச் சுட்டுக்கொன்ற ஆட்சி அது. கொல்லப்பட்டவர்களின் பேரக்குழந்தைகள் உங்கள் விளையாட்டை வாங்குகிறார்கள்.

ஏழாம் பதிப்பில் தலைவரையும் நாட்டையும் நீங்களே தனித்தனியாகப் பிரித்துவிட்டீர்கள். ரஷ்யா உங்கள் ஆட்டத்தில் நவீன யுகத்து நாடு, அதனால் இவான் பொருந்தமாட்டார் என்ற சாக்கு இனி செல்லாது. கேத்தரினை எடுத்துவிடச் சொல்லவில்லை, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் கேட்கிறேன். அவருக்கும், வழக்கம்போல, உறைபனி நிலமான துந்த்ராவுக்குத் தரும் போனஸைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஆட்டக்காரன் ஒருவன்