தொடை உளைவும் முழங்கால் குத்தும்: மாமிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமிக்கு,

திங்கட்கிழமை கதிரையில் இருந்து எழும்பும் பயிற்சியைத் தொடங்கினீர்கள், புதன் காலை குசினிப் படியால் இறங்க ஏலாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், "இந்த வயதில் உதெல்லாம் தேவையோ?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு தொடையும் முன்பக்கம் முழுக்க உளைகிறது, அமத்தினால் நோகிறது, இருந்து எழும்பும்போதுதான் கூட, படுத்திருந்தால் ஒன்றுமில்லை. இந்த நாலு விவரத்தையும் வடிவாக எழுதியபடியால் சொல்லலாம்: அது பெரும்பாலும் வெறும் தசை உளைவுதான். அதற்காகப் பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் கடைசி வரியில், "வலது முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் குத்துது" என்று போகிறபோக்கில் ஒரு சொல் விட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசனை அதில்தான். தொடைக்கு ஒரு நியாயம், முழங்காலுக்கு வேறு நியாயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தொடைக்காக வீணாகப் பயந்து நிறுத்துவீர்கள், இல்லாவிட்டால் முழங்காலையும் "பழகப் போயிடும்" என்று கெடுத்துக்கொள்வீர்கள்.

முதலில் தொடை. பழக்கமில்லாத வேலையைத் தசைக்குக் கொடுத்தால் உளைவு உடனே வராது. 12 முதல் 24 மணித்தியாலம் கழித்துத் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், ஐந்து முதல் ஏழு நாளுக்குள் தானாக அடங்கும். திங்கள் செய்ததற்குப் புதன் பிடித்தது கணக்குக்குச் சரி. இதை "லக்ரிக் அமிலம் தேங்கிவிட்டது" என்று இன்னமும் சொல்கிறார்கள். அது பிழை. அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஒரு மணித்தியாலம் அளவில் இரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும், இரண்டு நாள் கழித்து நோவைக் கொடுக்க அங்கே இருக்காது. தசை இழைகளில் நுண்ணிய கிழிவுகள் ஏற்படுவதால்தான் இந்த உளைவு என்று தியடோர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902இலேயே எழுதினார். அந்தச் சிறு சேதத்தை உடல் திருத்துகிறபோது வருகிற அழற்சியும் நோவைக் கூட்டுகிறது என்பது பிறகு தெரியவந்தது.

சேதம் கூடுதலாக வருவது எழும்பும்போது அல்ல, இருக்கப் போகும்போது. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிற வேலை அது. படி ஏறுவதை விட இறங்குவதில் தொடை கூட உளைவதும் அதனால்தான். நீங்கள் முதல் நாளே காணொளியைப் பார்த்து ஐம்பது தரம் இருந்து எழும்பியிருக்கிறீர்கள். ஐம்பது தரமும் உங்கள் உடம்பின் பாரத்தைத் தொடைதான் மெல்ல இறக்கியது. எட்டு எட்டாக இரண்டு சுற்று செய்திருந்தால் புதன்கிழமை கொஞ்சம் இறுக்கம் மட்டும் இருந்திருக்கும். ஒரு நல்ல விஷயம், ஒருமுறை இப்படி உளைந்த தசை அதே வேலைக்கு அடுத்தமுறை அவ்வளவு உளையாது. அந்தப் பாதுகாப்புச் சில கிழமைகளுக்கு நிற்கும். நீண்ட காலம் விட்டுவிட்டால் அது மெல்ல மெல்லக் குறைந்துவிடும்.

இனி ஒரு நோ வந்தால், நெஞ்சு பதறாமல் ஒரு விரலால் இடத்தைக் காட்டிப் பாருங்கள். காட்ட முழுக் கையும் தேவைப்பட்டால், அதுவும் தசையின் சதைப்பிடிப்பான நடுப்பகுதியில், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால், உளைவு. ஒரு விரல் நுனிக்குள் அடங்கினால், அதுவும் மூட்டிலோ மூட்டுக்குக் கிட்டவோ ஒரு பக்கம் மட்டும் இருந்தால், சந்தேகப்பட வேண்டும். அடுத்து, எப்போது தொடங்கியது? பயிற்சியின் நடுவில் இன்ன தரம் இறங்கும்போதுதான் பிடித்தது என்று சொல்ல முடிந்தால் அது காயத்தின் பக்கம். அடுத்த நாள் தூக்கத்தால் எழும்பியபோதுதான் தெரிந்தது என்றால் பெரும்பாலும் உளைவு. மூன்றாவது, முற்றத்தில் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். உளைவு சூடேற இளகும். காயம் நடக்க நடக்கக் கூடும்.

இந்த மூன்றாவது சோதனை ஒரு இடத்தில் ஏமாற்றும், அதை நன்றாக மனதில் வையுங்கள். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கிற தசைநாண் கெட்டிருந்தால், காலையில் இறுகி நோகும், பயிற்சி தொடங்கச் சுகமாகிவிட்டது போல இருக்கும், அடுத்த நாள் காலையில் முந்திய நாளை விடக் கூட நோகும். குதிக்கால் நரம்பு என்று நாங்கள் சொல்கிற இடம், முழங்கையின் வெளிப்பக்கம், முழங்கால் சில்லின் கீழ் நுனி, இந்த மூன்றும் அதற்குப் பேர்போனவை. ஆகையால் தசைநாணுக்குத் தீர்ப்பு பயிற்சி நேரத்தில் இல்லை, மறுநாள் காலையில்தான்.

உங்கள் வலது முழங்கால் குத்து அந்த வகையாக இருக்கலாம், மூட்டுத் தேய்வின் தொடக்கமாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்துப் பிரிக்க முடியாது. எதுவானாலும் முழு ஓய்வு மருந்து அல்ல. தொடைத் தசை மெலிய மெலிய அந்த முழங்காலுக்குத்தான் பாரம் கூடும். செய்ய வேண்டியது வேலையைக் குறைப்பது. நோவுக்குப் பூச்சியத்தில் இருந்து பத்து வரை ஒரு எண் போடுங்கள். செய்யும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. மூன்றைத் தாண்டினால், அல்லது மறுநாள் காலை கூடியிருந்தால், அடுத்தமுறை பாதியாக்குங்கள்.

இருக்கும் விதத்தையும் திருத்த வேண்டும். பிளாஸ்ரிக் கதிரை சீமெந்து நிலத்தில் வழுக்கும், அதன் முதுகைச் சுவரோடு முட்ட வையுங்கள். இருக்கையில் ஒரு தடித்த தலையணை அல்லது மடித்த போர்வை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். ஆழம் குறையச் சில்லில் அழுத்தமும் குறையும். பாதங்கள் தோள் அகலத்தில், விரல்கள் கொஞ்சம் வெளியே பார்க்கட்டும். முதலில் நாரிக்குக் கீழே இடுப்பைப் பின்னால் தள்ளி, பிறகு முழங்காலை மடித்து, மூன்று எண்ணும் நேரத்தில் இறங்குங்கள். கதிரையைத் தொட்டவுடன் "தொப்" என்று விழுந்து இருக்காமல் எழும்புங்கள். உங்கள் வயதில் நிறையப் பேருக்குப் பிழைக்கிற இடம் எழும்பும் அந்த முதல் நொடி. இரண்டு முழங்காலும் உள்ளே சாய்ந்து ஒன்றோடொன்று முட்டப் பார்க்கும். சீலையோ சட்டையோ மறைத்தால் தெரியாது, காற்சட்டை போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் செய்யுங்கள். முழங்கால் இரண்டாவது கால்விரல் நேரே போக வேண்டும். எழும்பும்போது மூச்சை விடுங்கள். பிறஷர் குளிசை போடுகிற நீங்கள் மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது, அந்த நொடியில் இரத்த அழுத்தம் எகிறும்.

எட்டுத் தரம், இரண்டு சுற்று, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. எட்டாவதை முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று செய்யலாம் என்ற பலம் மிச்சம் இருக்க வேண்டும். கிழமைக்கு மூன்று நாள் போதும். வளர்ந்தவர்கள் கிழமையில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது. அதே நாளில் வேறு இரண்டு பயிற்சியையும் சேருங்கள். குசினி மேடையின் விளிம்பில் கையூன்றி, உடம்பைப் பலகை போல வைத்து நெஞ்சை இறக்கி ஏற்றுவது ஒன்று. முழங்கை உடம்போடு 45 பாகையில் இருக்கட்டும், தோளுக்கு நேரே விரித்தால் தோள்மூட்டுக்குள் நெருக்கும். மற்றது, மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மறு கையால் ஐந்து லீற்றர் கானை இடுப்புப் பக்கம் இழுப்பது. கானில் தண்ணீர் நிறைந்தால் 5 கிலோ, அதையே காய்ந்த மணலால் நிரப்பினால் 8 கிலோ அளவு வரும். தண்ணீரில் தொடங்கி, இரண்டு சுற்றிலும் பன்னிரண்டு தரம் இலகுவாக வந்த பிறகுதான் மணலுக்குப் போகலாம். எண்ணிக்கையை முதலில் கூட்டி, பாரத்தைப் பிறகு கூட்டுவதுதான் வீட்டில் செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பான வழி.

வெள்ளிக்கிழமைக்குள் உளைவு முழுதாக விடாவிட்டாலும் செய்யலாம், ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். உளைவுக்கு நடையும் நித்திரையும் போதும். சித்தாலேப களிம்பு பூசினால் சுகமாக இருக்கும், பூசுங்கள், ஆனால் தசை திருந்துவதை அது கெதிப்படுத்தாது. டைக்குளோபினாக், இபுபுரூபன் குளிசைகளை இதற்குப் போட வேண்டாம். பிறஷர் மருந்தோடும் தண்ணீர் குறைவோடும் சேர்ந்தால் அவை சிறுநீரகத்தைத் தாக்கும். மாரியில் இன்னொரு காரணமும் உண்டு. டெங்கின் உடம்பு நோவையும் பயிற்சி உளைவு என்று நினைத்துவிடலாம். பயிற்சி உளைவுக்குக் காய்ச்சல் வராது. காய்ச்சலோடு உடம்பு நொந்தால் பரசிட்டமோல் மட்டும் அளவாக எடுத்து, மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதிக்க வேண்டும். டெங்காக இருந்தால் டைக்குளோபினாக், இபுபுரூபன் குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

கொலஸ்ட்ரோல் குளிசையும் எடுக்கிறீர்கள் அல்லவா? சிலருக்கு அது இரண்டு தொடையிலும் தோளிலும் உளைவு கொடுக்கும். பயிற்சி செய்யாத கிழமையிலும் உளைவு தொடர்ந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தக் கூடாது.

தசை உண்மையாகக் கிழிந்தால் குழப்பம் இராது. கெண்டைக்காலில் பின்னால் இருந்து யாரோ கல்லால் எறிந்தது போல இருந்தாப்போல அடிக்கும், கால் ஊன்ற ஏலாது. கண்டல் அன்றைக்கே தெரியாமல் இரண்டு மூன்று நாள் கழித்து, அடிபட்ட இடத்துக்கும் கீழே, கணுக்கால் பக்கம் வந்து நிற்கலாம், இரத்தம் கீழ்நோக்கி வடிவதால். முதல் மூன்று நாளும் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். அன்பாகத்தான் உருவுவார்கள், ஆனால் கிழிந்த இடத்தில் இரத்தக் கசிவு கூடும். சூட்டு ஒத்தடமும் அப்போது வேண்டாம். துவாயில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைத்து, மீள்தன்மைப் பட்டியால் அளவாகச் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள்.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் தேத்தண்ணிச் சாய நிறத்தில் போய், தசை வீங்கிப் பலமிழந்தால், உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். நல்ல வெயில் நேரத்தில், தண்ணீர் குடிக்காமல், பழக்கமில்லாமல் கனக்கச் செய்கிறவர்களுக்கு இது வரலாம், அதனால்தான் அந்த ஐம்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பதும், நாரி நோவோடு கால் விறைத்து சிறுநீர் கழிக்க முடியாமல் போவதும் அதே வகை. நெஞ்சுத் தசை உளைந்தால் அமத்தினால் நோகும், கையை அசைத்தால் நோகும். அமத்தினாலும் மாறாமல் நெஞ்சு இறுகி, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ நோ ஏறினால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள், ஓட்டோ தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

முழங்காலுக்கு இரண்டு கிழமை பார்ப்போம். கொப்பியில் ஒவ்வொரு பயிற்சி நாளுக்கும் செய்த எண்ணிக்கை, அப்போதைய நோ எண், மறுநாள் காலை எழும்பியவுடன் உள்ள நோ எண், இந்த மூன்றையும் எழுதுங்கள். காலை எண் இறங்கி வந்தால் தலையணையின் உயரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். அப்படியே நின்றாலோ, முழங்கால் வீங்கினாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ, யாழ். போதனா வைத்தியசாலையில் வைத்தியரிடம் காட்டி இயன்மருத்துவ (பிசியோதெரப்பி) பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். போகும்போது அந்தக் கொப்பியையும், போடுகிற குளிசைகளை அவற்றின் அட்டையோடும் கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்