அர்ஜன் சிங் நூலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங்கின் பணி வாழ்க்கையைப் பற்றி நான் எழுதிவந்த சிறு நூல் நேற்று அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். உழைப்பு என் ஒருவனுடையது இல்லை என்பதால் இந்த மடல்.

2015 ஜூலையில் அப்துல் கலாம் அவர்களின் உடல் டெல்லி பாலம் விமானத் தளத்துக்கு வந்திறங்கியது. 96 வயதுப் பெரியவர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்து, எழுந்து நின்று சல்யூட் வைத்தார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் யார் என்றே தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு விட முடியவில்லை.

முதல் வரைவில் அவரை ‘ஜெனரல்’ என்று எழுதியிருந்தேன். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் பொறுமையாகத் திருத்தினார். தரைப்படை ஜெனரலுக்கு இணையான பதவி ஏர் சீஃப் மார்ஷல். அந்தப் பதவிக்கு 1966இல் உயர்ந்த முதல் இந்தியர் அர்ஜன் சிங். 2002இல் அவருக்கு அளிக்கப்பட்ட விமானப்படை மார்ஷல் என்ற ஐந்து நட்சத்திரத் தகுதி வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. இந்தப் பிழைகளோடு நூல் வெளிவந்திருந்தால் தலைகாட்ட முடிந்திருக்காது, ஐயா.

பழைய நாளிதழ்க் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்துத் தந்த நூலகப் பணியாளருக்கும், ஒற்றுப்பிழை பார்த்த தங்கைக்கும் என் அன்பு. கண்ணூரில் வீடுகளுக்கு மேலே மிகத் தாழ்வாகப் பறந்ததற்காக 1945இல் அவர் ராணுவ நீதிமன்ற விசாரணையைச் சந்தித்த பகுதியை நான் நீக்கப் பார்த்தேன். கூடாது என்று சண்டை போட்டார் வழக்கறிஞர் நண்பர். அவர் சொன்னதே சரி. அந்தப் பக்கத்தில்தான் 25 வயது இளைஞன் ஒருவன் உயிரோடு தெரிகிறான்.

நான் அதிகம் கடன்பட்டிருப்பது இன்னொருவரிடம். 1965 இந்தியா-பாகிஸ்தான் போரின்போது ‘நாட்’ என்ற சிறிய போர் விமானங்களைப் பராமரிக்கும் ஃபிட்டராக இருந்தவர். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அர்ஜன் சிங் 1944இல் இம்பாலில் ஹரிக்கேன் போர் விமானத்தில் பறந்து போரிட்டது, மவுண்ட்பேட்டன் கையால் பதக்கம் வாங்கியது, 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லி வானில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களின் அணிவகுப்பை நடத்திச் சென்றது என்று வரிசையாக எழுதிக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதுல நாங்க எங்கப்பா இருக்கோம்?” என்றார்.

பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். விமானம் தரையிறங்கி நின்றதும் எரிபொருள் நிரப்புவது, இரண்டு 30 மி.மீ. பீரங்கிகளுக்கும் குண்டுகளை ஏற்றுவது, டயரைக் கையால் தடவிப் பார்ப்பது, விமானியின் முகத்தைப் பார்த்தே போன இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது. 1965 செப்டம்பர் 1 அன்று, விமானப்படை எவ்வளவு நேரத்தில் தயாராகும் என்று பாதுகாப்பு அமைச்சர் சவான் கேட்டார். “ஒரு மணி நேரத்தில்” என்றார் தளபதி அர்ஜன் சிங். அந்த ஒரு மணி நேரம் யாருடைய கைகளில் இருந்தது என்பது எனக்கு அந்த ஞாயிறுகளில்தான் புரிந்தது. அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதினேன். அந்த செப்டம்பர் 1 மாலை பதான்கோட்டிலிருந்து ஜம்முவின் சம்ப் பகுதிக்குப் பறந்த நம் விமானங்களில், ‘வாம்பயர்’ ரகப் போர் விமானங்கள் நான்கு வீழ்த்தப்பட்டதையும் மறைக்காமல் எழுதச் சொன்னவர் அவர்தான்.

அர்ஜன் சிங் முதுமையில் தன் பண்ணை நிலத்தை விற்று, ஓய்வுபெற்ற விமானப்படையினரின் நலனுக்காக 2 கோடி ரூபாய் கொடுத்தார். இந்த வரியைத் தொலைபேசியில் வாசித்தபோது அந்த ஃபிட்டர் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. செப்டம்பர் அத்தியாயத்தை மட்டும் பெரிய எழுத்தில் தனியாக அச்செடுத்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு கொண்டு வருகிறேன், ஐயா.

நன்றியுடன்,
நூலை எழுதியவன்