நம் செட் நண்பர்கள் விவரம்: கவனிக்கவும்

நண்பர்களே, நம் கல்லூரி செட் வாட்ஸ்அப் குரூப்பின் நண்பர்கள் பட்டியலைப் புதுப்பிக்கிறோம். பெயர், இனிஷியல், துறை, ரோல் நம்பர், இப்போதைய ஊர், வேலை (ஓய்வு பெற்றிருந்தால் கடைசிப் பதவி), +91, +65 போன்ற நாட்டுக் குறியீட்டுடன் போன் நம்பர், எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் அட்மினுக்குத் தனியாக அனுப்புங்கள். இனிஷியல் ரொம்ப முக்கியம். ஒரே பெயரில் இருவர் இருந்தால் ஒருவர் செய்தி மற்றவர் பெயரில் ஏறிவிடுகிறது. கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறிய தோழியர், படிக்கும்போது இருந்ததையும் எழுதவும்.

நம்பர் மாற்றினால் உடனே சொல்லுங்கள். துண்டித்த நம்பர் 90 நாளுக்குப் பின் வேறொருவருக்குப் போகலாம். உங்களுக்கு அனுப்பும் கல்யாணப் பத்திரிகை அந்த முகம் தெரியாதவருக்குப் போய்விடும்.

இறப்புச் செய்தியை மட்டும் அவசரப்பட்டுப் போடாதீர்கள். முதலில் வீட்டில் ஒருவரிடம் போனில் பேசி உறுதி செய்யுங்கள். "இன்று மாலை 4 மணிக்கு எடுக்கிறார்கள்" என்று எழுதினால், ஃபார்வர்டாகி மறுநாள் பார்ப்பவருக்கு எந்த "இன்று" என்று புரியாது. அஞ்சலி செலுத்தக் கிளம்பி வருபவர் முகம் பார்க்க முடியாமல் திரும்புவார். தேதி, கிழமை, நேரம், வீட்டு முகவரி, லொக்கேஷன் ஐந்தையும் போடுங்கள்.

உடல்நிலை, மருத்துவமனைப் படங்கள் அவரவர் சம்மதம் இல்லாமல் வேண்டாம்.

பழைய குரூப் போட்டோவை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, பின்வரிசை முகங்கள் மங்கிவிடும்.