தூசியென்று துடைக்கப்படும் தோட்டாக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால விமானப்படை ஆவணப்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் படத்தேர்வு சரியானது. ஆனால் மென்பொருளால் மெருகேற்றி, வண்ணம் பூசி, வினாடிக்கு 60 ஃபிரேமாக்கிய (ஃபிரேம் என்பது சுருளில் உள்ள ஒரு தனிப்படம்) படிகளையே பார்க்கச் சொல்லியிருப்பது வருத்தம் தருகிறது. அந்தப் படிகளில் கீறலோடும் தூசியோடும் சேர்ந்து வேறு சிலவும் அழிந்துபோகின்றன.

போர் விமானத்தின் துப்பாக்கிக் கேமராவையே பாருங்கள். அமெரிக்க விமானங்களில் பொருத்தியது 16 மி.மீ. கேமரா. அதில் 50 அடி ஃபிலிம் பெட்டி. விமானி விசையை அழுத்தினால் துப்பாக்கியோடு கேமராவும் ஓடும். விட்ட பிறகும் ஓரிரு வினாடி ஓடும்படி வைக்கலாம். வேகம் வினாடிக்கு 16, 32, 64 ஃபிரேம். இந்த ஃபிலிமில் அடிக்கு 40 ஃபிரேம் என்பதால் ஒரு பெட்டிக்கு 2,000 ஃபிரேம். 64-இல் ஓட்டினால் 31 வினாடியில் தீர்ந்துவிடும். அதை வழக்கமான திரையிடல் வேகமான 24-இல் திரையிட்டால் 83 வினாடி நீளும். சண்டை தண்ணீருக்குள் நடப்பதுபோல் மந்தமாகத் தெரிவது இதனால்தான். 16-இல் எடுத்ததோ ஒன்றரை மடங்கு வேகமாக ஓடும்.

இப்போது தூசி நீக்கும் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு ஃபிரேமில் மட்டும் தெரிந்து, முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களில் இல்லாத புள்ளியைத் தூசி என்று எடுத்துக்கொண்டு துடைக்கும். அரை அங்குலத் துப்பாக்கித் தோட்டா வினாடிக்கு ஏறத்தாழ 870 மீட்டர் பாயும். 64 ஃபிரேம் வேகத்திலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் 13 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதனால் பாதை தெரிவதற்காக எரிந்துகொண்டே பாயும் டிரேசர் தோட்டாவின் ஒளிப்புள்ளியும், எதிரி விமானத்திலிருந்து பிய்ந்து பறக்கும் தகட்டுத் துண்டும் மென்பொருளின் கண்ணுக்குத் தூசிதான். ஆட்டம் நீக்கும் வசதி இன்னும் மோசம். துப்பாக்கி வெடிக்கும் அதிர்வில்தான் படம் நடுங்குகிறது. நடுக்கம் நின்ற இடத்தில் விமானி விசையை விட்டுவிட்டார் என்று பொருள். படத்தை நிலைப்படுத்திவிட்டால் எது சுட்ட நேரம், எது வெறுமனே கேமரா ஓடிய நேரம் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இடையிடையே புது ஃபிரேம்களைக் கற்பனையாக வரைந்து செருகும்போது புரொப்பெல்லர் இலைகள் உருகி வழிவதைக் கட்டுரையாளரும் கவனித்திருப்பார்.

அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் பற்றிய 'மெம்பிஸ் பெல்' (1944) ஆவணப்படத்துக்கு யாரும் வண்ணம் பூச வேண்டியதே இல்லை. இயக்குநர் வில்லியம் வைலரின் குழு அதை 16 மி.மீ. கோடாக்ரோம் வண்ணச் சுருளில் எடுத்து, பிறகு 35 மி.மீ. டெக்னிகலராகப் பெரிதாக்கியது. படத்தில் உள்ள, ஜெர்மானியத் துறைமுகமான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் மீதான தாக்குதல் பயணம் பல பயணங்களில், பல விமானங்களில் எடுத்த காட்சிகளின் கோவை. இன்டர்காம் பேச்சு, குழுவினர் அமெரிக்கா திரும்பிய பிறகு பதிவானது. வானத்தில் ஓடிய கேமராக்கள் ஒலியைப் பதிவுசெய்யவில்லை. அந்தப் படப்பிடிப்பில்தான் 1943 ஏப்ரலில் வைலர் குழுவைச் சேர்ந்த ஹெரால்டு டானன்பாம் தம் விமானம் வீழ்த்தப்பட்டு இறந்தார். அவர் போன்றவர்கள் கொண்டுவந்த ஃபிரேம்களை ஓர் இயந்திரம் ஊகித்து மாற்றி வரைவதை ஏற்க மனம் வரவில்லை.

25,000 அடி உயரத்தின் கடுங்குளிரில் கேமராவின் மசகு கெட்டிப்படும். ஸ்பிரிங் சுற்றி ஓட்டும் கேமரா இழுத்து இழுத்து ஓடும். வினாடிக்குக் குறைந்த ஃபிரேம் பதிவாவதால் அசைவு வேகமாகத் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி கூடுதலாகப் படுவதால் படம் வெளிறும். வேகமும் வெளிறலும் ஒன்றாக வந்தால் குளிரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காட்சி எக்காலத்தது என்று அறிய விமானத்தின் மேல் உள்ள குறிகளே போதும். அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவில் சிவப்பு வட்டம் இருந்தால் 1942 நடுப்பகுதிக்கு முந்தையது. நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டை வந்தது 1943 ஜூன் இறுதியில். முதலில் சிவப்பு விளிம்போடு, சில மாதங்களில் நீல விளிம்போடு. இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருந்தால் 1944 ஜூன் நார்மண்டிப் படையிறக்கமோ அதற்குப் பிந்தைய மாதங்களோ. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-17-இன் மூக்குக்கடியில் இரட்டைத் துப்பாக்கிக் கூண்டு இருந்தால் அது பெரும்பாலும் 1943 இலையுதிர் காலத்துக்குப் பிந்தைய ஜி ரகம். 1943 மே இறுதியிலிருந்து சில வாரம் பறந்த ஒய்பி-40 காவல் விமானங்கள் (பி-17-இன் மாற்று வடிவம்) மட்டும் விலக்கு. '1940 கோடை, பிரிட்டன் போர்' என்ற தலைப்பின் கீழ் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் வால்பக்கத்தில் வெளிர்நிற வளையம் தெரிந்தால் தலைப்பு தவறு. அந்த வளையம் தீட்ட உத்தரவு வந்ததே 1940 நவம்பரில். வண்ணம் பூசும் மென்பொருள் குழப்புவது முக்கியமாக இந்தக் குறிகளைத்தான்.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் பயணம் ஒன்றைக் காட்டும் 'டார்கெட் ஃபார் டுநைட்' (1941) பற்றிக் கட்டுரை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நடித்தவர்கள் உண்மையான விமானப்படையினர்; விமானத்தின் உட்புறக் காட்சிகள் ஸ்டுடியோவில் எடுத்தவை; இலக்காகக் காட்டும் ஊர் கற்பனை. இதனால் படத்தின் மதிப்புக் குறையவில்லை, எதைச் சான்றாகக் கொள்ளலாம் என்பதுதான் மாறுகிறது.

வாசகர் யாரிடமாவது பழைய 16 மி.மீ. சுருள் இருந்தால் புரொஜெக்டரில் ஏற்றும் முன் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றச் சுருள்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். அடுத்து 100 ஃபிரேமை அளந்து பாருங்கள்: 762 மி.மீ. இருக்க வேண்டும். 7 மி.மீ. குறைந்திருந்தாலே ஃபிலிம் ஓரத்துத் துளைகள் புரொஜெக்டரின் பல்சக்கரத்தில் கிழியக்கூடும். பல்சக்கரமில்லாத ஸ்கேனரில்தான் ஓட்ட வேண்டும். படம் முழுதும் இளஞ்சிவப்பாக இருந்தால் அது பிற்காலப் படி. நீலப்பச்சைச் சாயம் மங்கிவிட்டது. ஸ்கேன் செய்பவரிடம் ஒரு ஃபிலிம் ஃபிரேமுக்கு ஒரு ஸ்கேன் ஃபிரேம் என்று கேட்டு வாங்குங்கள். வேகத்தைப் பிறகு கோப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

வைலர் குழுவின் மூலச் சுருள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன; 2018-இல் வெளிவந்த 'தி கோல்ட் ப்ளூ' அவற்றையே ஸ்கேன் செய்து உருவானது. இனி இத்தகைய படத்தைப் பரிந்துரைக்கும்போது எந்தப் படியைப் பார்த்தீர்கள், அது எந்த மூலத்திலிருந்து வந்தது, எத்தனை ஃபிரேம் வேகம் என்ற மூன்றையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
திருச்சி