மூன்றரை வட்டி

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

"மினிமம் கட்டிட்டேம்மா, இந்த மாசம் தப்பிச்சாச்சு" என்று போன வாரம் சொன்னாய். நான் நச்சரித்ததால் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மொத்தத்தையும் படித்துவிட்டேன். பாக்கி 1,20,000 ரூபாய். வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம்.

நீ படித்தவள், உனக்கு அது சதவீதம். எனக்கு அது மூன்றரை வட்டி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூணு வட்டிக்கு விடுகிறவர் எதிரே வந்தால் நீ சின்ன வயதில் முகத்தைத் திருப்பிக்கொள்வாயே, அவரைவிட உன் கார்டு அரை வட்டி கூட வாங்குகிறது. கையெழுத்து கேட்கவில்லை, வாசலில் வந்து நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 1,20,000க்கு ஒரு மாத வட்டி 4,200. அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது 756. நீ கட்டியது 6,000. அசலில் கழிந்தது 1,044 ரூபாய். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், அதுதான் வந்தது. இதில் பாக்கி நிற்கும்போது புதிதாக எது வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்றும் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறான்.

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு அருகதை கிடையாது. அப்பாவின் அட்டையைப் பற்றி உனக்கு இதுவரை சொன்னதில்லை.

2007இல் அப்பா தவணையில் குட்டியானை வாங்கினார், மார்க்கெட்டுக்குக் காய் ஏற்ற. முதல் வருஷம் நன்றாகத்தான் ஓடியது. அடுத்த வருஷம் இன்ஜின் வேலை வைத்தது. இரண்டு மாதம் வண்டி ஷெட்டில் நின்றாலும் தவணை நிற்குமா? ஒரு நாள் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் மடித்த மஞ்சள் அட்டை ஒன்று கையில் தட்டுப்பட்டது. கட்டம் கட்டமாக நூறு கட்டம், முப்பத்தெட்டில் கையெழுத்து. தண்டல் அட்டை. சோப்புத் தண்ணீரில் ஊறி மை கலங்கியிருந்தது. வெயிலில் காய வைத்து, அவர் வந்ததும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் கொடுப்பார்கள். தினம் நூறு, நூறு நாள். ஆயிரம்தானே போகிறது என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம் இல்லையா? அப்படிக் கணக்குப் போட்டால் மாதம் ஆறு வட்டியைத் தாண்டும். அந்த மாதிரி மூன்று அட்டை வைத்திருந்தார். டீசலுக்கு ஒன்று, தவணைக்கு ஒன்று, முதல் இரண்டையும் கட்ட மூன்றாவது. எனக்குக் கோபம் வந்தது கடனுக்காக இல்லை. நாலு மாதம் பக்கத்தில் படுத்துத் தூங்கினவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றுதான்.

அன்று ராத்திரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினோம். யாருக்கு, எவ்வளவு, எத்தனை வட்டி. தொகை பெரியதை மேலே எழுத வேண்டும் என்றார் அப்பா. வட்டி பெரியதைத்தான் மேலே எழுத வேண்டும் என்றேன் நான். சண்டை போட்டு நான்தான் ஜெயித்தேன். மகளிர் குழுவில் ஒரு வட்டிக்கு வாங்கி, மூன்று தண்டலையும் ஒரே வாரத்தில் அடைத்தோம். அடுத்தது மூணு வட்டிக் கடன். கூட்டுறவு சொசைட்டியில் அடகு வைத்த என் செயினைக் கடைசியில் மீட்டோம், அது 2012. (2021இல் அஞ்சு பவுன் வரை சொசைட்டி நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது, "அவசரப்பட்டு மீட்டுட்டோமே" என்று அப்பா ஒரு வாரம் புலம்பினார். ஒன்பது வருஷம் வட்டி கட்டியிருக்க வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.)

அந்த நாலு வருஷம் நாம் எப்படிச் சாப்பிட்டோம் என்று உனக்குத் தெரியும். ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த சமயம் அது. ஐந்து தண்ணீர் கழுவி, ஒரு கை வெந்தயம் கூடப் போட்டு ஆட்டினால் இட்லி பூவாக வரும். சாயங்காலம் மார்க்கெட் முடிகிற நேரத்தில் அப்பா கொண்டுவரும் அடிபட்ட தக்காளியும் கத்தரிக்காயும்தான் குழம்பு. இதெல்லாம் எனக்குக் கஷ்டமாகவே தெரியவில்லை.

ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடைக்கானல் கூட்டிப் போனார்களே, 250 ரூபாய். அதற்கு நான் முடியாது என்றேன். நீ அழவில்லை, "எனக்குக் குளிரு ஆகாதும்மா" என்றாய். அந்த வாரம் டப்பாவில் 400 ரூபாய் இருந்தது கண்ணு. கொடுத்திருக்கலாம். எதையெல்லாம் குறைக்கிறோம் என்ற வேகத்தில் எதைக் குறைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதனால் குழந்தையின் நீச்சல் வகுப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னாயே, அதில் கை வைக்காதே. வாரத்தில் நாலு நாள் ராத்திரி வீட்டுக்கு வருகிற பிரியாணியில் கை வை. முதல் பிறந்த நாளுக்கு மண்டபம் பிடித்ததைப் பற்றி நான் பேச மாட்டேன். பேசினால் நிறைய வரும்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். என் வளையல் இருக்கிறது. பவுன் இன்றைக்கு விற்கிற விலைக்கு ஒரு ஜோடியே தாங்கும். வங்கியில் போய்க் கேட்டேன், வருஷத்துக்கு 9 சதவீதம் என்றார்கள். நம் கணக்கில் முக்கால் வட்டி. மாதம் 4,200 கட்டுகிற இடத்தில் 900 வரும். என் பேரிலேயே வைத்து உனக்குப் போட்டுவிடுகிறேன், நீ கார்டை ஒரே அடியாக முடி. முடித்த பிறகும் அடுத்த பில்லில் இடைப்பட்ட நாளுக்குக் கொஞ்சம் வட்டி வரும், அதையும் பார்த்துக் கட்டிவிடு. அப்புறம் மாதம் பத்தாயிரம் எனக்கு அனுப்பினால் பதிமூன்று மாதத்தில் வளையல் கைக்கு வந்துவிடும்.

ஆனால் ஒன்று. மாப்பிள்ளைக்கு இது தெரியுமா? போனில் கேட்டபோது வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். அவரிடம் நீயே சொல்லிவிட்டு, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் பண்ணு. அன்றைக்கே வங்கிக்குப் போகிறேன். அதுவரை வளையல் கையில்தான் கிடக்கும்.

அடுத்த வாரம் வரும்போது பெரிய பையாக எடுத்து வா. சின்ன வெங்காயம் விலை இறங்கியிருக்கிறது, அப்பா பத்து கிலோ வாங்கிக் காய வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா