ஊர்வலம் போய் என்ன மாறப்போகுது என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. பிலிப்பைன்ஸின் டவாவ் நகர வெயிலில் கறுத்துப் போயிருக்கிறாய் என்று அம்மா புலம்புகிறாள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. போனில் நீ சொன்ன ஒன்றுதான் மனதில் நிற்கிறது. வெள்ளத் தடுப்புப் பணத்தைத் தின்றவர்களை எதிர்த்து அந்த ஊர்ப் பிள்ளைகள் ஊர்வலம் போனதைச் சொல்லிவிட்டு, "கத்திட்டு வந்து செல்பி போட்டாங்க, அவ்வளவுதான்ப்பா. இதுல என்ன மாறப்போகுது?" என்றாய்.

முதலில் ஒன்று. நீ அந்த ஊர்வலங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. நீ மாணவர் விசாவில் இருப்பவள். வெளிநாட்டுக்காரர் அரசியல் கூட்டத்தில் கலந்துகொண்டால் நாடு கடத்துவோம் என்று அந்த ஊர்க் குடியேற்றத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் போகாமல் இருப்பது வேறு, போகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது வேறு. கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவனுக்கு, கத்துகிறவர்களில் யார் பிறகு மனு எழுத உட்காருவார் என்று பார்க்கிற பழக்கம் உண்டு. நீ இருக்கிற நாட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். நேரி கோல்மேனாரஸ்.

அக்டோபரில் நிலநடுக்கம் வந்தபோது கடற்கரைப் பக்கம் போகாதே என்று உன் போனுக்கு எச்சரிக்கை வந்ததாகச் சொன்னாயே, அந்த மாதிரிச் செய்திகளைத் தொலைபேசிக் கம்பெனிகள் காசு வாங்காமல் அனுப்பியே தீர வேண்டும் என்று அங்கே 2014-இல் சட்டம் போட்டார்கள். அதற்கு முந்தைய நவம்பரில்தான் யோலண்டா புயல் ஆறாயிரம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிருந்தது. அந்தச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர் கோல்மேனாரஸ். அப்போது அவர் பயான் மூனா என்ற இடதுசாரிக் கட்சியின் எம்.பி.

அவர் பக்கோலோட் நகரத்துக்காரர், 1959-இல் பிறந்தவர். அப்போதைய அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் போட்டது 1972-இல், அதாவது இவர் பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போது. மாணவர் போராட்டங்களில் இறங்கினார். பதினெட்டு வயதில் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். நான்கு வருடம் சிறை. வெளியே வந்து பொருளாதாரம் படித்தார், பிறகு பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வக்கீலானார். எந்தச் சட்டத்தின் பெயரால் அடித்தார்களோ அதையே எடுத்துப் படிக்க எப்படி மனசு வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு வந்திருக்காது.

2009-இல் நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபைக்குப் போனார். அந்தச் சபையில் ஐந்தில் ஒரு பங்கு இடம் கட்சிப் பட்டியலுக்கு என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அந்த இடங்களுக்கு ஆளைப் பார்த்து இல்லை, கட்சிப் பெயரைப் பார்த்து ஓட்டு. எவ்வளவு ஓட்டு வாங்கினாலும் ஒரு கட்சிக்கு மூன்று இடத்துக்கு மேல் கிடையாது. நூற்றுக்கணக்கான பேருக்கு நடுவில் இரண்டு மூன்று பேர். அதை வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்.

அவர் பங்கெடுத்த சட்டங்களில் என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்தது 2013 பிப்ரவரி 25-இல் கையெழுத்தானது. மார்கோஸ் காலத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம். மார்கோஸ் சுவிஸ் வங்கிகளில் பதுக்கியதை மீட்ட பணத்திலிருந்து 1,000 கோடி பெசோ ஒதுக்கினார்கள். எப்படிப் பங்கு போட்டார்கள் தெரியுமா? கொல்லப்பட்டவர், காணாமல் போனவர் என்றால் பத்துப் புள்ளி. சித்திரவதைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆறிலிருந்து ஒன்பது. அடைத்து வைத்ததற்கு மூன்றிலிருந்து ஐந்து. மற்றவற்றுக்கு ஒன்றோ இரண்டோ. படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் வேறு எப்படிச் செய்வது? விண்ணப்பித்தவர்கள் சுமார் 75,000 பேர், ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் 11,103 பேர். நாற்பது வருடத்துக்கு முந்தைய அடிக்கு யாரிடம் ரசீது இருக்கும்? தள்ளுபடியானவர்கள் எல்லாரும் பொய் சொன்னவர்கள் என்று நான் நம்ப மாட்டேன். ஆனாலும், நடந்தது உண்மை என்று அரசாங்கமே பெயர்ப்பட்டியல் போட்டு ஒத்துக்கொண்டது, பார். அது எந்த ஊர்வலத்தின் முடிவிலும் கிடைக்கிற காரியம் இல்லை. ஊர்வலமே நடக்காமலும் கிடைத்திருக்காது.

எல்லாம் ஜெயித்தார் என்று நினைத்துக்கொள்ளாதே. தனியார் துறையில் உழைத்து ஓய்வு பெற்றவர்களுக்கு மாத ஓய்வூதியத்தில் 2,000 பெசோ கூட்டித் தரும் மசோதா கொண்டுவந்தார். இரண்டு சபையும் ஒப்புக்கொண்டன. 2016 ஜனவரியில் அதிபர் அக்கினோ மறுத்துவிட்டார், நிதி தாங்காது என்று. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் அந்த மறுப்பையே தள்ளிவிடலாம். அதற்காகக் கடைசி அமர்வு நாளில் எழுந்து பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கை நிறுத்தி, சபையை ஒத்தி வைத்துவிட்டார்கள். மைக் இல்லாமலே கத்தினார். பென்ஷன் வாங்குகிறவன் என்பதால் அந்தக் காட்சி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது. மறு வருடம் அடுத்த அதிபர் வந்து 1,000 பெசோ கூட்டினார். கேட்டதில் பாதி.

மேல்சபைக்கு 2016, 2019, 2022 என்று மூன்று தடவை நின்றார். மூன்றிலும் தோல்வி. அந்த 2022 தேர்தலில்தான் மார்கோஸ் மகன் அதிபரானார். கோல்மேனாரஸின் கட்சி ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்டுகளின் முன்முகம் என்று அரசுத் தரப்பு சொல்லிக்கொண்டே இருக்கிறது, அவர்கள் மறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே அப்படி முத்திரை குத்தினால் உயிருக்கே ஆபத்து. அவர் கட்சிக் கொள்கை எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டுகிறேன் என்றில்லை. "அவரும் அரசியல்வாதிதானே" என்கிறாள் உன் அம்மா. ஆமாம், அரசியல்வாதிதான். ஆனால் காகிதம் தயார் செய்து வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிற அரசியல்வாதி. அந்த ரகம் குறைவு.

அதனால்தான் சொல்கிறேன். செல்பி போட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள், சரி. ஒருத்தி சட்டம் படிக்கப் போவாள். இருபது வருடம் கழித்து அவள் எழுதுகிற ஒரு பிரிவு, கேட்டதில் பாதியாக, யாருக்கோ போய்ச் சேரும். இன்று அவளைப் பார்த்து நீ சிரித்தாய் என்பது மட்டும் எனக்கு வேண்டாம்.

அப்புறம், உன்னிடம் ஒரு வேலை. உங்கள் வீட்டுக்காரப் பாட்டி அந்தக் காலத்தைப் பார்த்தவர் என்றாயே. நன்றாகப் பழகிய பிறகு, அவருக்குச் சம்மதம் இருந்தால் மட்டும், அவருக்குத் தெரிந்த யாராவது அந்த இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்களா என்று கேள். பணம் எவ்வளவு வந்தது என்று கேட்காதே. எந்தக் காகிதத்தைக் காட்டினார்கள், சாட்சிக்கு யாரைக் கூட்டிப்போனார்கள் என்று கேள். எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

அம்மா பருப்புப் பொடியும் நாரத்தங்காயும் கட்டி வைத்திருக்கிறாள். ஜனவரியில் அங்கே வருகிற பிள்ளைகள் யாரென்று சொல், கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
அப்பா